தொண்டை வளர்ப்பவர்

எங்கள் பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கோழி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் வந்து பார்க்கும்வரை அவருடைய வீட்டையும் நாயையும் வளர்ப்பவர்கள்கூட இருக்கிறார்கள். இவர்களை எல்லாம் நீங்கள் அறிவீர்கள். நான் சொல்ல வந்தது இன்னோர் இனத்தை. இவர்கள் தொண்டை வளர்ப்பவர்கள்.

அவசரப்பட்டு இவர்களைப் பாடகர் என்று சொல்லிவிடாதீர்கள். பாடகர் என்பவர் பாடுவார், பாடி முடிந்ததும் சாப்பிடப் போவார். தொண்டை வளர்ப்பவர் மேடையில் பாடுவது எப்போதாவது ஒருநாள், ஒரு கலியாண வீட்டிலோ பிறந்தநாள் வீட்டிலோ, அதுவும் ஒரே ஒரு பாட்டு. மீதி நாள் முழுவதும் அந்த ஒரு பாட்டுக்காகத் தொண்டைக்குக் கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றி, வேர்க்கொம்பு என்ற சுக்கும் பனங்கற்கண்டும் தீனி போட்டு, பனி படாமல், புழுதி படாமல், மின்விசிறிக் காற்றுப் படாமல், முக்கியமாக ஐஸ்கிறீம் படாமல், கழுத்தைச் சுற்றி ஒரு துவாயையும் போட்டு, முதன்முதலாகக் கன்று போடப்போகும் பசுவைப் போலப் பார்த்துக்கொள்வார். சித்திரை மாதத்து வெயிலில் கழுத்தில் துவாய்! கேட்டால், தொண்டை குளிர்ந்துவிடக் கூடாது என்பார். குளிருமா? கொக்குவிலில்? மத்தியானம் ஒரு மணிக்கு?

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். நல்லூரில் ஓர் ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டமாகப் போய் இருங்கள். எல்லார் முன்னாலும் ஐஸ்கிறீம் வரும். ஒருவர் முன்னால் மட்டும் சுடுதண்ணீர் வரும். அவர்தான். "எனக்கு வேண்டாம், தொண்டை" என்று சொல்லிவிட்டு, "ஐயோ, தடிமனோ, சளியோ?" என்று யாராவது கேட்பதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். ஒருவரும் கேட்காவிட்டால் தானாகவே, "தடிமன் இல்லை, பாட்டு" என்பார். அதற்குப் பிறகு எல்லாருடைய ஐஸ்கிறீமும் உருகித் தண்ணீராகும்வரை பாட்டைப் பற்றித்தான் கதை.

என்ன பாட்டு? இப்போது எல்லாப் பிள்ளைகளின் போனிலும் ஓடுகிறதே, பியானோவோடு மெதுவாகத் தொடங்கி, மழை பெய்து, காதலி விட்டுவிட்டுப் போய், காதலன் யன்னலோரம் நிற்கும் பாட்டு, அந்த வகை. இந்தப் பாட்டை வாயைத் திறந்து பாடிவிடலாம் என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் ஒன்றும் தெரியாதவர். அதற்கு முறை இருக்கிறது. அந்த முறைகளை ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் சொல்லித் தந்திருக்கிறார். முதல் இரண்டு வரியைத் தூங்கும் குழந்தையின் காதில் இரகசியம் சொல்வதுபோலப் பாட வேண்டும். மூச்சு எடுக்கும் சத்தம் மைக்கில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பாட்டில் உணர்ச்சி இல்லையாம். வரி முடியும் இடத்தில் எண்ணெய் போடாத கதவுபோலக் குரல் ஒருமுறை கிறீச்சிட்டு உடைய வேண்டும். உடைவது தற்செயலாக நடந்ததுபோல இருக்க வேண்டும், அதற்காக அதை ஆயிரம் தரம் பழக வேண்டும். சொற்களில் வல்லெழுத்து எது வந்தாலும் விழுங்கிவிட வேண்டும். கடைசிப் பகுதிக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நிற்க, பாடுபவரும் தலையைக் குனிந்து ஒரு சொல்லும் சொல்லாமல் நிற்க வேண்டும். சபை பதைத்துப்போய் இருக்கும்போது, பாட்டு முழுவதையும் ஒரு படி மேலே தூக்கி, இடது கையை வானத்துக்கு உயர்த்தி, வலது கையில் இருக்கும் மைக்கை வாயில் இருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு முடிக்க வேண்டும். மைக்கைத் தள்ளிப் பிடிப்பது எங்கள் காதைக் காப்பாற்றுவதற்காக. அந்த ஒரு முறையைக் கண்டுபிடித்தவர் நல்ல மனிதர்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை மூச்சு. மூச்சை நெஞ்சில் எடுக்கக் கூடாது, வயிற்றில் எடுக்க வேண்டும். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, தோள் அசையாமல், மூக்கால் மெதுவாக இழுத்தால் வயிறு முன்னுக்கு வந்து கையைத் தள்ள வேண்டும். தள்ளினால் நீங்கள் தேறுவீர்கள். தள்ளாவிட்டால் இவ்வளவு காலமும் நீங்கள் மூச்சு விட்டதே பிழை.

இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருவரைக் காட்டுகிறேன்.

என்னுடைய தையல் மெஷின் யன்னலோடு இருக்கிறது. யன்னலுக்கு அப்பால் மதில். மதிலுக்கு அப்பால் பாலேஸ்வரி அக்காவின் வீடு. அவருடைய ஒரே மகன் ஜெயசுதன், இங்கே பக்கத்தில் திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் கணினியில் கலியாணக் காட் வடிவமைக்கிறவர். முப்பது தாண்டிவிட்டது. ஊரில் உள்ள எல்லாருடைய கலியாணத்துக்கும் காட் அடித்தாயிற்று, அவருக்கு மட்டும் அடிக்கவில்லை.

அவர் தொண்டை வளர்க்கத் தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடியற்காலையில் அவர்களுடைய குளியலறைக்குள் இருந்து மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாமல் இழுபடுவதுபோல ஒரு சத்தம். பாலேஸ்வரி அக்கா குசினியில் இருந்து கத்தினார்: "மோனை, எத்தினை தரம் உதைப்பாய்! பெற்றோல் முடியப்போகுது!" மோட்டார் சைக்கிள் முற்றத்தில் பேசாமல் நின்றது. உள்ளே ஜெயசுதன் இரண்டு உதட்டையும் சேர்த்து வைத்து ஊதி, அதிரவிட்டு, அந்த அதிர்விலேயே ராகம் இழுத்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் சூடாக்கும் முறையாம். அடுத்த நாள் தண்ணீர்ப் போத்தலுக்குள் ஸ்ட்ரோவை விட்டு, குடிக்காமல், குமிழி வரும்படி அதற்குள் பாடினார். அதற்கடுத்த நாள் அரிசி காணாமல்போனது.

"எட தம்பி, அரிசிப் பையைக் கண்டனியே?"

அறைக்குள் இருந்து பெருமூச்சு வந்தது.

"ஐயோ கடவுளே! இதென்னடா, வயித்துக்கு மேலை அரிசி!"

"தொடாதேங்கோ அம்மா. இன்னும் கொஞ்ச நேரம். பிரிமென்றகட்டுக்குப் பயிற்சி."

"அது ஆர்?"

"ஆரும் இல்லை அம்மா. வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவிலை இருக்கிற தசை. மூச்சை அதுதான் தள்ளுறது."

"அது மத்தியானம் சோறு திண்டாப் பிறகு தள்ளட்டும். உலை கொதிச்சு வத்துது, அரிசியைக் கொண்டா!"

பாலேஸ்வரி அக்காவின் கவலை அரிசி அல்ல. மகனுக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவதுதான். சாதகம் பொருந்தும். சாதி சனம் பொருந்தும். இரு பகுதியாரும் கதிரையில் இருந்து பற்றீஸ் கடிக்கும்வரை எல்லாம் நன்றாகப் போகும். பிறகு ஜெயசுதன் வாயைத் திறப்பார். ஒரு பெண்ணின் தகப்பன் தடிமனோடு வந்திருந்தார். இவர் எழுந்து போய் மூலையில் இருந்தார். இன்னொரு வீட்டில், பெண் தேநீரோடு வந்ததும் இவர் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கள் மூச்சை நெஞ்சாலைதான் எடுக்கிறியள்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். ஆனால் பெண்ணின் தமையன்மார் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய சிநேகிதன் குகதாசனுக்குக் கலியாணம் வந்தது. வரவேற்பு நாளன்று மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்துக்குள் நடந்துவரும்போது நீதான் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று குகதாசன் கேட்டுவிட்டார். ஒரு மரியாதைக்குக் கேட்டது. ஆனால் தொண்டை வளர்ப்பவரிடம் மரியாதைக்கு எதையும் கேட்கக் கூடாது. அன்றிரவில் இருந்து காதலி விட்டுவிட்டுப் போனாள், போனாள், போய்க்கொண்டே இருந்தாள். கிழமைக்கணக்காகப் போன பிறகு ஒருநாள் ஜெயசுதனின் குரலும் அவளோடு போய்விட்டது. கரகரப்பு மட்டும் மிஞ்சியது.

வீடியோ வெள்ளைக்காரர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். முழு ஓய்வு. ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், ஒரு சொல்லும் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, கிசுகிசுப்பதுதான் மிகவும் கூடாதாம். ஜெயசுதன் வாயை மூடினார்.

அவர் வாயை மூடிய கிழமை கந்தசஷ்டிக் கிழமை.

ஊர் முழுவதும் விரதம். பின்னேரங்களில் எல்லாரும் கோயிலில். தெருவில் சந்தித்தவர்கள் "தம்பி, சுகமே?" என்று கேட்டால் ஜெயசுதன் தொண்டையில் கையை வைத்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். முன்வீட்டுச் சின்னாச்சி மாமி படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு பாலேஸ்வரி அக்காவிடம் கேட்டார்: "என்ன பிள்ளை, உன்ரை பெடியன் ஒருதரோடையும் கதைக்கிறார் இல்லையாம்?"

நீங்களே பாலேஸ்வரி அக்காவின் இடத்தில் இருந்து யோசியுங்கள். ஊரே முருகனை நினைத்துப் பட்டினி கிடக்கும்போது, என் மகன் ஒரு காதல் பாட்டுக்காக வாயைப் பூட்டியிருக்கிறான் என்று எந்தத் தாய் சொல்வாள்? "விரத நாள்தானே மாமி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியைச் சின்னாச்சி மாமி சொல்லிக்கொண்டார். பொழுதுபடுமுன் சந்திக் கடைவரை கதை போய்விட்டது: பாலேஸ்வரியின் பெடியன் மௌன விரதமாம்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. மீசாலைக்குப் போனது. மீசாலையில் சீவரத்தினம் என்று ஒருவர், தோட்டக்காரர், பெரிய சிவபக்தர். குகதாசன் கட்டப்போகும் பெண்ணின் பெரியப்பா. அவருக்குத் தயாளினி என்று ஒரு மகள், பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை. ஜெயசுதனின் சாதகம் அவர் வீட்டில் ஏற்கெனவே மேசையில் கிடந்தது. பாட்டுக்காரப் பெடியன் என்று யாரோ சொன்னதால் அதை அவர் தொடாமலே வைத்திருந்தார். மௌன விரதம் என்று கேள்விப்பட்டதும் கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்துப் பார்த்தாராம்.

பொருத்தம் நன்றாக இருந்தது. இரு பகுதியாரும் நல்லூர்க் கோயில் வீதியில் தற்செயலாகச் சந்திப்பது என்று முடிவானது. தற்செயல் எத்தனை மணிக்கு என்று தரகர் முதல்நாளே சொல்லிவிட்டார். பாலேஸ்வரி அக்கா என்னையும் கூட்டிப்போனார். நான் வாய் திறக்கமாட்டேன் என்பதால் இப்படியான இடங்களுக்கு நான் வசதி.

சீவரத்தினத்தார் வேட்டி சால்வையோடு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். பின்னால் மனைவி, மகள்.

"தம்பிதானோ? சந்தோசம். தம்பி இப்ப என்ன செய்யிறார்?"

ஜெயசுதன் கையைத் தொண்டையில் வைத்தார். பிறகு வயிற்றில் வைத்தார். பிறகு மேலே காட்டினார். பாடுவதற்காகத் தொண்டைக்கு ஓய்வு, மூச்சு வயிற்றில், கடைசியில் குரல் மேலே போக வேண்டும் என்று அவர் சொன்னதாகத்தான் நான் விளங்கிக்கொண்டேன். சீவரத்தினத்தார் அவர் காட்டிய திசையில் திரும்பிப் பார்த்தார். அங்கே கோபுரம் இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

ஜெயசுதன் அவசரமாகப் போனை எடுத்து எழுதி நீட்டினார்.

"கண்ணாடி வீட்டிலை விட்டிட்டன் தம்பி. வேண்டாம், வேண்டாம், விரதத்தைக் குழப்பாதேங்கோ. எனக்கு விளங்குது."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் தயாளினி எட்டிப் பார்த்தாள். "விரதம் இல்லை. பாட்டுக்காகத் தொண்டை ஓய்வு" என்று இருந்ததை வாசித்தாள். வாசித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு அவளும் கோபுரத்தைப் பார்த்தாள். அவளுடைய தோள் இரண்டும் குலுங்கின. அவள் மூச்சு எங்கே எடுக்கிறாள் என்று ஜெயசுதன் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். அன்றில் இருந்து அவர் பேசாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள்.

"எங்கடை பக்கத்துப் பெடியள் விரதம் பிடிக்கிறேல்லை. பிடிச்சாலும் வாய் மூடுறேல்லை" என்றார் சீவரத்தினத்தார். "என்ரை தம்பியின்ரை மகள் கலியாணம் முடியட்டும் அக்கா. அங்கை வைச்சு நல்ல சொல்லாச் சொல்லுவம்."

குகதாசனின் வரவேற்பு நாள் வந்தது. விரதம் முடிந்துவிட்டது, ஓய்வும் முடிந்துவிட்டது. ஆனால் மேடையில் முதல் சொல்லை விடுவதற்காக ஜெயசுதன் இன்னும் பேசாமலே இருந்தார். ஓட்டோவில் போகும்போது பாலேஸ்வரி அக்கா கெஞ்சினார்.

"மோனை, இண்டைக்கு மட்டும் பாடாதை. சீவரத்தினத்தார் முன்வரிசையிலை இருப்பார். நீ கண்ணை மூடிக்கொண்டு காதலி விட்டிட்டுப் போட்டாள் எண்டு அழுதியெண்டால் இந்தச் சம்பந்தமும் போட்டுது. உனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்கேல்லையே?"

ஜெயசுதன் பிடிக்கும் என்று தலையாட்டினார். பிறகு போனில் எழுதினார்: "குகதாசனுக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப எனக்கு மருமகள் வேண்டாமோ?"

அவர் போனைப் பைக்குள் போட்டார். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. துவாயை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

அந்த மழைதான் எல்லாவற்றையும் மாற்றியது. எங்கள் ஊரில் எந்த நிகழ்ச்சியும் கடவுள் வணக்கம் பாடாமல் தொடங்காது என்பது உங்களுக்குத் தெரியும். விளக்கு ஏற்றியாயிற்று, மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் காத்து நிற்கிறார்கள், கடவுள் வணக்கம் பாட வேண்டிய பிள்ளை வெள்ளத்தில் எங்கேயோ நிற்கிறாள். அறிவிப்பாளர் அன்பான உறவுகளே, அன்பான உறவுகளே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றார். அப்போது முன்வரிசையில் சீவரத்தினத்தார் எழுந்தார்.

"ஏன் தேடுறியள்? கந்தசட்டி முழுக்க மௌன விரதம் பிடிச்ச தம்பி இஞ்சை இருக்கிறார். விரதம் முடிச்ச வாயாலை முதல் சொல்லு கடவுள் பேராய் வரட்டும்!"

சபை கை தட்டியது. பாலேஸ்வரி அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முருகனே நேரில் வந்து கையைப் பிடித்ததுபோல இருந்தது. பதிகம்தானே! பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பாடியது. நாலு வரி. நேராகப் பாடிவிட்டு இறங்கினால் சம்பந்தம் முடிந்தது. என்னுடைய கையைப் பிடித்து, "முருகன் கண் திறந்திட்டார் பிள்ளை" என்றார்.

திறந்திருந்தால் உடனே மூடியிருப்பார்.

ஜெயசுதன் துவாயை மடித்துத் தாயிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு ஏறினார். சபை எழுந்து நின்று கை கூப்பியது. அவர் மைக்கை எடுத்தார், கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார். மண்டபத்தின் நாலு மூலையிலும் இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் புயல் வந்தது. சில பேர் மழை உள்ளே அடிக்கிறதென்று யன்னலைப் பார்த்தார்கள். பிறகு தூங்கும் குழந்தையின் காதில் சொல்வதுபோல முதல் வரி வந்தது. என்ன பதிகம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, வல்லெழுத்து எல்லாம் உள்ளே போய்விட்டது. இரண்டாம் வரியின் கடைசியில் குரல் உடைந்தது. கீபோட் வாசிக்கும் பெடியன், பாவம், உடைந்த குரலைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் பியானோவை மெதுவாகத் தட்டத் தொடங்கிவிட்டான். மூன்றாம் வரி மலையில் ஏறுவதுபோல வளைந்து வளைந்து போனது. கை கூப்பி நின்ற பெரியவர்கள் ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாறினார்கள்.

பிறகு தலையைக் குனிந்தார். நிறுத்தினார். பியானோவும் நின்றது.

முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்பாடா என்று கதிரைகள் இழுபட்டன. முழுச் சபையும் கதிரையில் இருந்தது. இருந்ததும், ஒரு படி மேலே, மண்டபம் அதிரும்படி நாலாம் வரி புறப்பட்டது. முழுச் சபையும் அடித்துப்பிடித்து எழுந்தது. ஒரு மாமியின் சேலை கதிரையில் மாட்டி, கதிரையும் எழுந்தது. இடது கை வானத்துக்குப் போனது, மைக் ஒரு முழம் தள்ளிப்போனது, அந்தக் கடைசி உச்சம் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் எங்கேயோ நடந்தது. அதோடாவது முடிந்ததா? மறுபடியும் தலையைக் குனிந்தார். மறுபடியும் இருந்தோம். மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் எழுந்தோம்.

கடைசிச் சொல்லில் அவர் கண்ணைத் திறந்து, வீடியோவில் பார்த்ததுபோலவே, மைக்கைச் சபையின் பக்கம் நீட்டினார். நீங்கள் பாடுங்கள் என்று அர்த்தம். காதல் பாட்டாக இருந்தால் பெட்டைகள் பாடியிருப்பார்கள். இது பதிகம். ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அரோகரா!" என்றார் சீவரத்தினத்தார்.

"அரோகரா!" என்றது சபை, முடிந்ததே என்ற பெரும் பக்தியோடு.

மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு ஏதோ ஒரு போன் பாட்டுக்கு நடந்துவந்தார்கள். ஜெயசுதன்தான் ஏற்கெனவே பாடிவிட்டாரே என்று அறிவிப்பாளர் அவருடைய பெயரை வெட்டிவிட்டார். மாதக்கணக்காக வளர்த்த பாட்டு தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரம் சீவரத்தினத்தார் ஐஸ்கிறீம் கிண்ணத்தோடு எங்கள் மேசைக்கு வந்தார். மனைவியும் மகளும் கூடவே வந்தார்கள். பாலேஸ்வரி அக்கா என்னுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி களைச்சுப்போனார். நான் கவனிச்சனான், வரிக்கு வரி மூச்சு வாங்கினது. தொண்டையும் அடைச்சு அடைச்சுத் திறந்தது. விரதம் உடம்பை வாட்டிப்போட்டுது. இந்தாங்கோ, ஐஸ்கிறீம் குடியுங்கோ."

ஜெயசுதன் ஐஸ்கிறீமைப் பார்த்தார். தயாளினியைப் பார்த்தார். அவள் மெதுவாக, ஆனால் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் சொல்லமாட்டன். நீங்களே அப்பாட்டைச் சொல்லுங்கோ."

"ஐயா" என்றார் ஜெயசுதன். ஒரு கிழமைக்கு மேல் பூட்டி வைத்திருந்த குரல். அதில் புயலும் இல்லை, உடைவும் இல்லை. கடையில் சீனி கேட்கிற குரல். "அது விரதம் இல்லை ஐயா. காதல் பாட்டொண்டு பாட இருந்தனான். அதுக்குத் தொண்டையை ஆறவிட்டனான். கோயிலிலை உங்களுக்கு எழுதிக் காட்டினனான். பிறகு... காட்டாமல் விட்டிட்டன்."

என்னுடைய சேலைத் தலைப்பு இறுகியது. சீவரத்தினத்தாரின் திருநீறு மூன்று கோடும் மேலே ஏறின.

"விரதம் இல்லையோ?"

"இல்லை."

"அப்ப கந்தசட்டி முழுக்க ஒரு சொல்லும் கதைக்கேல்லையோ?"

"இல்லை."

"வீட்டிலையும்?"

"வீட்டிலையும்."

"கொம்மா பேசினால்?"

"நான் பேசாத பேச்சில்லை" என்றார் பாலேஸ்வரி அக்கா, அழுகிற குரலில். "விசரன் எண்டனான், மாடு எண்டனான். வாய் காட்டேல்லை."

அதுவரை ஒரு சொல்லும் சொல்லாமல் நின்ற சீவரத்தினத்தாரின் மனைவி முன்னுக்கு வந்தார்.

"இஞ்சாருங்கோ, சாமிக்குப் பயந்து வாய் மூடுறது ஒரு பெரிய காரியமே? இந்தப் பிள்ளை ஒருதருக்கும் பயமில்லாமல், தாய் பேசப் பேச, கிழமை முழுக்க மூடியிருக்கிறார். உங்களாலை ஒரு பின்னேரம் ஏலுமே?"

"நான் என்னத்துக்கு..."

"ஏலுமே எண்டு கேட்டனான்."

சீவரத்தினத்தார் வாயைத் திறந்தார். மூடினார். அவருடைய மனைவி அதை ரசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு" என்றார்.

எல்லாரும் தயாளினியைப் பார்த்தோம். "பிழையில்லை" என்றாள். "ஆனால் அந்த ஐஸ்கிறீமைக் குடிக்கோணும்."

ஜெயசுதன் கரண்டியை எடுத்தார். கத்தி விழுங்கப் போகிறவரைப்போல நிமிர்ந்து, வயிற்றில் மூச்சு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தார். தொண்டை வெடிக்கவில்லை. இரண்டாம் கரண்டிக்குக் கண்ணைத் திறந்தார். மூன்றாம் கரண்டிக்குக் கிண்ணம் முடிந்து, என்னுடையதையும் பார்த்தார்.

"ஒண்டு சொல்லுறன்" என்றார் சீவரத்தினத்தார், விட்ட மரியாதையைப் பிடிக்கிற குரலில். "கலியாணத்திலை கடவுள் வணக்கம் நான்தான் பாடுவன். உவர் பாடினால் தாலி கட்டுற நேரம் தப்பிப்போகும்."

கலியாணம் தை மாதத்தில் நடந்தது. காட்டை ஜெயசுதனே வடிவமைத்தார். பெண்ணின் சட்டை நான் தைத்தேன். அளவெடுக்கும்போது தயாளினி வீட்டுப் புதினம் சொன்னாள். அப்பா இப்போது மிளகாய்த் தோட்டத்துக்குத் துவாய் சுற்றிக்கொண்டுதான் போகிறாராம். வேர்க்கொம்பும் பனங்கற்கண்டும் தலைமாட்டில் இருக்கிறதாம். அம்மா அரிசிப் பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். "மாமா ஒருக்கால் கேட்டவர், நான் சும்மா சொல்லிக் குடுத்தனான்" என்கிறாராம் ஜெயசுதன்.

மணவறைக்கு முன்னால் சீவரத்தினத்தார் வந்து நின்றார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நாங்கள் எழுந்து கை கூப்பினோம். அவர் கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். நாலு மூலையிலும் புயல் வந்தது. மூன்றாம் வரி முடிந்து அவர் தலையைக் குனிந்து நிறுத்தியபோது மாப்பிள்ளை பகுதியில் ஒருவரும் கதிரையில் இருக்கவில்லை. எங்களுக்குத் தெரியும். பெண் பகுதியில் எல்லாரும் இருந்து எழும்பினார்கள். தாலி கட்டுகிற நேரம் தவறிப்போகாமல் மயிரிழையில் பிழைத்தது. ஐயர் மந்திரத்தில் பாதியை விழுங்கிச் சமாளித்தார்.

இப்படித்தான் இந்த இனம் பெருகுகிறது. கடிக்க வேண்டியதில்லை, தொட வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்து ஒருமுறை கேட்டாலே போதும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிப்பதற்குத்தான் எழுதினேன். நமக்கும் இதற்கும் என்ன, நாம் மேடை ஏறுகிறோமா, மைக் பிடிக்கிறோமா என்று நினைக்கிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூச்சை வயிற்றில் எடுக்க வேண்டும், வயிறு முன்னுக்கு வந்து கையைத் தள்ள வேண்டும் என்று மேலே ஓர் இடத்தில் எழுதினேனே, அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தோள் அசையாமல் ஒருமுறை இழுத்துப் பார்த்தது யார்?

தள்ளியதா?

சரி, இனியாவது அந்தக் கையை வயிற்றில் இருந்து எடுங்கள். வீட்டில் ஆட்கள் பார்க்கிறார்கள்.